இறங்கும் ஊரை முதலில் எழுதுங்கள்

மழை ஓய்ந்து தசரா வந்துவிட்டால் மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பக்கத்து நம் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் சஹ்யாத்ரி மலைப் பேச்சு தொடங்கிவிடும். ஒரே நாளில் கோட்டை ஏறி இறங்கிப் பழகியவர்களுக்கு அடுத்து வருகிற ஆசை, மூன்று நான்கு நாள் தொடர்ந்து காட்டுக்குள் நடப்பது. அதிகம் அடிபடும் பெயர் ரத்தன்கட்டிலிருந்து ஹரிச்சந்திரகட் வரைக்குமான வழி. ஆசை நல்ல ஆசை, வழியும் நல்ல வழி. பேச்சு போகிற திசைதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. எந்தப் பை, எந்த ஷூ, எந்தக் கூடாரம், உச்சியில் எங்கே நின்று படம் எடுப்பது என்றே ஓடுகிறது. ஒருவருக்குக் கால் பிசகினாலோ காய்ச்சல் வந்தாலோ இரண்டாம் நாள் மதியம் எந்த ஊருக்கு இறங்குவது என்று யாரும் கேட்பதில்லை. பல நாள் மலை நடைக்குப் போடும் திட்டத்தில் முதல் வரியாக இருக்க வேண்டியது அந்தக் கேள்விதான் என்பது என் உறுதியான கருத்து. போய்ச் சேரும் இடத்தைக் கடைசியில் எழுதலாம். ஒவ்வொரு நாளும் இறங்கக்கூடிய ஊரை முதலில் எழுத வேண்டும்.

வழி தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துச் சயானில் விரைவு வண்டி நிற்காது என்பதால் தாதரிலோ குர்லாவிலோ கசாரா லோக்கலைப் பிடிக்க வேண்டும். சி.எஸ்.எம்.டி.யிலிருந்து கசாரா சுமார் 120 கிலோமீட்டர். மத்திய ரயில்வேயில் லோக்கல் அதற்கு மேல் போகாது. அங்கிருந்து ஜீப்பிலோ எஸ்.டி. பஸ்ஸிலோ கோட்டி வழியாக ஷேண்டி. ஷேண்டியிலிருந்து பண்டாரதரா அணையின் நீர்ப்பரப்பைச் சுற்றிக்கொண்டு ரத்தன்வாடி. அங்கே இருக்கும் பழைய அமிர்தேஷ்வர் கோயிலைத் தாண்டியதும் காடு ஆரம்பம். முதல் நாள் ரத்தன்கட் கோட்டை. இரண்டாம் நாள் கத்ராபாய் கணவாயைக் கடந்து கும்ஷேத் கிராமம். மூன்றாம் நாள் பாச்னை வழியாக ஹரிச்சந்திரகட். நான்காம் நாள் தோலார் கணவாய் வழியாகக் கீரேஷ்வருக்கு இறங்கி, கூபி பாட்டாவில் மால்ஷேஜ் காட் சாலையைத் தொட்டால் கல்யாணுக்கு பஸ் உண்டு. வலிமையுள்ளவர்கள் தொடக்கத்திலேயே ஒரு நாள் கூட்டி, 1,646 மீட்டர் உயரத்தில் மகாராஷ்டிரத்தின் உச்சியாக நிற்கும் கள்சூபாயையும் பாரி கிராமத்திலிருந்து ஏறிவிடுகிறார்கள். இந்தப் பகுதியின் பெரும்பகுதி கள்சூபாய் ஹரிச்சந்திரகட் வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருவது. ஆகவே வனத்துறையின் நுழைவுக் கட்டணம், இரவு தங்குவதற்கான அந்த ஆண்டு விதிகள் எல்லாவற்றையும் கிளம்பும் முன் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். மும்பை லோக்கலில் ஏறுகிற நம் ஆட்கள், இறங்கும் ஸ்டேஷனில் பிளாட்பாரம் எந்தப் பக்கம் வரும் என்று தெரிந்துகொண்டு அந்தப் பக்கமாகவே நகர்ந்து நிற்பார்கள். ஏறிய பிறகு யோசித்தால் இறங்க முடியாது என்பது இந்த ஊர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சஹ்யாத்ரியில் அந்தப் பழக்கம் உயிரையே காக்கும். காரணம் அந்த மலையின் அமைப்பு. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி இறுகிய பாறை அது. ஒவ்வொரு அடுக்குக்கும் மேலே கொஞ்சம் சமதளம், சமதளத்தின் விளிம்பில் செங்குத்துச் சரிவு, அதன் கீழே மறுபடி சமதளம். மேலேயிருந்து பார்ப்பவருக்கு ஒரே புல்சரிவாகத் தெரிவது, நடந்துபோனால் ஐம்பது மீட்டர் பாறைச் சுவரில் முடியும். கிழக்குப் பக்கம் இந்தப் படிகள் மெதுவாக இறங்கிப் பிரவரா, முளா ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் கிராமங்களில் சேர்கின்றன. மேற்கே கொங்கணப் பக்கம் மலை திடீரென்று வெட்டுப்பட்டு நிற்கிறது; ஹரிச்சந்திரகட்டின் கொங்கண் கடா அதற்குப் பெயர்போன சாட்சி. வழி தவறினால் ஓடையைப் பிடித்துக் கீழே போ, ஊர் வரும் என்று பொதுவாக ஒரு அறிவுரை சொல்வார்கள். மேற்கே ஓடும் ஓடையில் இந்த அறிவுரையைப் பின்பற்றினால் அருவியின் தலைமாட்டில் போய் நிற்க வேண்டியதுதான். இறங்கவும் முடியாது, வழுக்குப் பாறையில் திரும்ப ஏறவும் முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே, இங்கே எந்த இடத்திலிருந்து எந்தத் திசையில் இறங்கலாம் என்பது வீட்டிலிருந்து புறப்படும் முன்பே தாளில் இருக்க வேண்டும்.

நம் தமிழர்களுக்கு இதைவிடக் கொடுமையான சான்று ஒன்று இருக்கிறது. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. முந்தின நாள் குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறி அங்கே தங்கிய முப்பதுக்கும் மேற்பட்டவர்கள், மறுநாள் அதே மலையில் கீழே இறங்கி வந்தபோது காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் வந்த இளைஞர்கள், பெண்கள், புதிதாகக் கல்யாணமானவர்கள். இறந்தவர்கள் மேல் ஒரு சொல் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை. ஆனால் திட்டம் போடுகிறவர்கள் அந்த நாளிலிருந்து கற்க வேண்டியதைக் கற்காமல் விடக்கூடாது. மார்ச் மாதம் மலைப்புல் காய்ந்து கிடக்கும் காலம். தீ சரிவில் மேல்நோக்கி மனிதன் ஓடுவதைவிட வேகமாகப் போகும். கீழே புகை தெரிந்த பிறகு, புல் மூடிய சரிவில் ஓடி ஒளிய இடம் கிடையாது. கொழுக்குமலையின் மறுபக்கம், கேரளத்தின் சூரியநெல்லிக்கு ஜீப் போகும் பாதை ஒன்று உண்டு. அன்று எது சாத்தியமாக இருந்தது என்று இங்கே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நான் கேட்பது இவ்வளவுதான்: அடுத்த குழு கிளம்பும்போது, காலையில் புகை தெரிந்தால் இறங்க வேண்டிய மறுவழி எது என்று குழுவில் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டாமா? குரங்கணிக்குப் பிறகு தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை வழிகாட்டிகளோடு 40 பாதைகளைத் திறந்தது. அரசு கற்றுக்கொண்டதை நாமும் கற்றுக்கொள்வோம். சஹ்யாத்ரியிலும் பிப்ரவரியிலிருந்து மே வரை காய்ந்த புல்லில் தீப்பிடிப்பது சாதாரணம்.

உடனே ஒரு மறுப்பு வரும். கையில் போன் இருக்கிறது, போனில் வரைபடம் இருக்கிறது, யாரோ நடந்த தடம் கோடாகத் தெரிகிறது, வேறென்ன வேண்டும் என்பார்கள். வரைபடச் செயலி நல்ல கருவி. கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள், சிக்னல் இல்லாதபோதும் திறக்கும்படி முன்கூட்டியே இறக்கியும் வையுங்கள். ஆனால் அந்தக் கோடு வேறொருவர் வேறொரு மாதத்தில் போன வழி. அவர் போனபோது ஓடையில் தண்ணீர் இருந்திருக்கும், நீங்கள் போகும்போது இருக்காது. அவர் கயிறு கட்டி இறங்கியதையும் அதே நிறத்தில்தான் கோடு காட்டும். பள்ளத்தாக்குகளில் சிக்னல் கிடையாது, குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதை 3,500 கிலோமீட்டர் நீளமானது. வழியெங்கும் மரங்களில் வெள்ளைக் குறி தீட்டியிருப்பார்கள். 2013 ஜூலையில் மேய்ன் மாநிலத்தில் 66 வயதுப் பெண் ஒருவர் இயற்கை உபாதைக்காகப் பாதையை விட்டு விலகியவர் திரும்பி வரும் வழியைத் தவறவிட்டார். கணவருக்கு அனுப்பிய செய்திகள் சிக்னல் இல்லாமல் போய்ச் சேரவில்லை. சிக்னல் தேடி மேட்டில் ஏறினார். கூடாரம் அடித்து மூன்று வாரத்துக்கு மேல் உயிரோடு காத்திருந்தார். பெரிய தேடுதல் நடந்தும் கிடைக்கவில்லை. 2015 அக்டோபரில்தான் உடல் கிடைத்தது. அவர் தங்கியிருந்த இடத்துக்கும் பாதைக்கும் நடுவே அதிகத் தூரம் இல்லை. அவர் அனுபவமில்லாதவரும் இல்லை. அதே பாதையில் அதற்குள் நூற்றுக்கணக்கான மைல் நடந்திருந்தவர். எந்தப் பக்கம் போனால் மனித நடமாட்டம் என்ற ஒரு தகவல், மனதில் பதிந்திருந்தால், பேட்டரி தீர்ந்த பிறகும் கூடவே இருக்கும். போனில் மட்டும் இருந்தால் போனோடு போய்விடும்.

இறங்கும் ஊர் தெரிந்தால் மட்டும் போதாது, எத்தனை மணிக்குள் அந்த முடிவை எடுக்க வேண்டும் என்பதும் தெரிய வேண்டும். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் ஒரு கணக்குச் சொன்னார்: சமதளத்தில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். நல்ல உடல்நிலையில் இருப்பவர், லேசான சுமையோடு, தெளிவான பாதையில் நடப்பதற்கான கணக்கு அது. சஹ்யாத்ரியின் உருளும் கல்லிலும் முதுகில் பத்து கிலோ பையோடும் அதை அப்படியே நம்பக்கூடாது. நெய்ஸ்மித் கணக்கில் வரும் நேரத்தை ஒன்றரை மடங்காக்கிக்கொண்டால்தான் நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது என் எண்ணம். அதோடு குழுவின் வேகம் என்பது குழுவிலேயே மெதுவாக நடப்பவரின் வேகம். டிசம்பரில் இந்தப் பக்கம் காலை ஏழுக்குத்தான் வெளிச்சம், மாலை ஆறுக்குச் சூரியன் போய்விடும். காட்டுக்குள் அதற்கும் அரை மணி முன்பே இருட்டு. பதினோரு மணி நேர வெளிச்சத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் நடையைத் திட்டமிடவே கூடாது. மிச்ச மூன்று மணி நேரம் திரும்புவதற்கான கையிருப்பு. அதைப் படம் எடுப்பதற்கும் மதியத் தூக்கத்துக்கும் செலவழித்துவிட்டு, சாயங்காலம் கணவாயில் நின்றுகொண்டு முன்னால் போவதா பின்னால் போவதா என்று வாதாடுவது வேண்டாம்.

இதை அந்தப் பாதைக்கே பொருத்திப் பார்ப்போம். முதல் நாள் சிக்கலில்லை. ரத்தன்வாடியிலிருந்து கோட்டைக்கு ஐநூறு மீட்டருக்கு மேல் ஏற்றம், கடைசியில் இரும்பு ஏணிகள். ஏணிக்குப் பயப்படுகிறவர் யார் என்று அங்கேயே தெரிந்துவிடும். அவரை வற்புறுத்தாமல் ஒரு துணையோடு ரத்தன்வாடிக்கு அனுப்பலாம். இரண்டாம் நாள்தான் நான்கு நாட்களிலும் கனமான நாள். அடர்ந்த காடு, குறுக்கும் நெடுக்குமாக ஆட்டுத்தடங்கள், ஊரே கண்ணில் படாத நீண்ட தூரம். அன்றைய முடிவின் இடம் கத்ராபாய் கணவாய். கணவாய்க்கு முன்னால் எது நடந்தாலும் ரத்தன்வாடி. கணவாயைக் கடந்த பிறகு எது நடந்தாலும் கும்ஷேத். நண்பகலுக்குள் கணவாயைத் தொடவில்லை என்றால் அன்று கும்ஷேத் கிடையாது, திரும்பிவிட வேண்டும். இதை முதல் நாள் இரவே எல்லோரும் ஒப்புக்கொண்டு தூங்கப் போக வேண்டும். அப்போதுதான் மறுநாள் மானப் பிரச்சினை வராது. கும்ஷேத்திலிருந்தும் பாச்னையிலிருந்தும் ராஜூருக்குச் சாலை இருக்கிறது. பஸ்ஸை நம்ப முடியாது, ஜீப் பேசிக்கொள்ளலாம். அதனால் மூன்றாம் நாள் காலையும் மதியமும் இரண்டு தடவை கௌரவமாக விலகிக்கொள்ள வாய்ப்பு உண்டு. நான்காம் நாள் பலரும் யோசிக்காத ஒன்று: ஹரிச்சந்திரகட்டில் ஒருவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டால், திட்டத்தில் கீரேஷ்வர் என்று எழுதியிருக்கிறதே என்று தோலார் கணவாய்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போகக்கூடாது. அந்த வழியில் கம்பியைப் பிடித்து இறங்க வேண்டிய பாறைத் துண்டுகள் உண்டு. கோட்டைக்கு இருக்கும் வழிகளில் எளியது பாச்னை வழி. வந்த வழியே பாச்னைக்கு இறங்குவதால் கல்யாணுக்கு அரை நாள் தாமதமாகும், அவ்வளவுதான். பாறைச் சுவர்களில் கூடு கட்டும் மலைத்தேனீ கலைந்தாலும் இதே விதி: முன்னால் ஓடாதீர்கள், தெரிந்த வழியில் பின்னால் போங்கள். வாசனைத் திரவியமும் சிகரெட் புகையும் அந்தப் பக்கமே வேண்டாம்.

காலம் எது என்பதையும் இறங்கும் வழிதான் தீர்மானிக்கிறது. மழைக்காலத்துச் சஹ்யாத்ரி கண்கொள்ளாக் காட்சி என்பதை மறுக்கவில்லை. ஒருநாள் நடைக்குப் பழக்கப்பட்ட பாதையில் போங்கள். பல நாள் நடைக்கு வேண்டாம் என்பேன். காலையில் கணுக்கால் அளவு கடந்த ஓடை மதியம் இடுப்பளவு ஓடும். நீங்கள் எழுதிவைத்த இறங்கும் வழி ஓடைக்கு அந்தப் பக்கம் போய்விடும். மண் நனைந்து சரிந்தால் ஊர்களே தப்புவதில்லை. பீமாசங்கர் பக்கத்து மாலின் கிராமத்தை 2014 ஜூலை 30 அன்று மலைச்சரிவு மூடியபோது 150க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2023 ஜூலை 19 இரவில் ராய்கட் மாவட்டத்து இர்ஷால்வாடி அதேபோலப் புதைந்தது. மலையிலேயே பிறந்து வளர்ந்த மக்களுக்கே இந்தக் கதி. மறுபக்கம், பிப்ரவரி தாண்டினால் தண்ணீர்ப் பிரச்சினை. கருங்கல் அடுக்கில் பெய்த மழை தங்காது. கோட்டைகளில் பாறையைக் குடைந்து வெட்டிய சுனைகளை அங்கே டாக்கே என்பார்கள். மார்ச்சில் பலவற்றில் பாசிதான் மிஞ்சும். தண்ணீர் இல்லாத இடத்தில் தங்க முடியாது, தங்க முடியாவிட்டால் திட்டம் முழுக்கக் குலைந்துவிடும். ஆக நவம்பர் முதல் ஜனவரி கடைசி வரைதான் நமக்கு. பல ஆண்டுகளில் தீபாவளி விடுமுறையும், எப்போதும் பொங்கலும் குடியரசு நாளும் அதற்குள் விழுவது நம் வசதிக்கு. பொங்கலுக்கு ஊருக்குப் போகாமல் இங்கேயே இருக்கும் பிள்ளைகளுக்கு ஜனவரி நடுவாரம் நல்ல நேரம். இரவில் குளிர் கடுமையாக இருக்கும், கம்பளியில் கஞ்சத்தனம் வேண்டாம்.

சாமான் பற்றிப் பேசாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். இறங்கும் ஊர்களை எழுதிவிட்டால் பை தானாகவே லேசாகிவிடும். இரண்டாம் நாள் இரவு கும்ஷேத்தில் யார் வீட்டிலாவது பாக்ரியும் பிட்லாவும் காசு கொடுத்துச் சாப்பிடலாம் என்றால் நான்கு நாள் அரிசி எதற்கு? அந்த மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் மகாதேவ் கோளி, டாக்கர் பழங்குடி மக்கள். நம் காசு நகரத்து நிறுவனத்துக்குப் போவதைவிட அவர்கள் அடுப்படிக்குப் போகட்டும். கூடவே ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்துங்கள், குறிப்பாக இரண்டாம் நாளுக்கு. கத்ராபாய் காட்டில் எந்தத் தடம் ஆட்டுத்தடம், எந்தச் சுனையில் இந்த வாரம் தண்ணீர் என்பது அவருக்குத்தான் தெரியும். நடக்கும்போது தின்ன மாட்டுங்காவில் கிடைக்காததா? புளியோதரைப் பொடி, தட்டை, எள்ளுருண்டை, நம் தூத்துக்குடி, நெல்லைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாத கோவில்பட்டி கடலைமிட்டாய். பைக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன், பையும் தோலும் தைப்பதையே தொழிலாக வைத்திருக்கும் தாராவியில் இருக்கிறோம் என்பதை நினையுங்கள். பழைய பைக்கு இடுப்புப் பட்டை வைத்துத் தைத்து வாங்க நம் சந்துகளில் ஆள் இருக்கிறார். ஷூ மட்டும் பிடிப்பானதாக, ஏற்கெனவே காலுக்குப் பழகியதாக இருக்கட்டும்.

உடம்பைத் தயார் செய்வதைப் பற்றி இரண்டு வார்த்தை. போரிவலி தேசியப் பூங்காவில் கான்ஹேரி குகை வரைக்கும் அதற்கு மேலும் ஏறி இறங்குவது நல்ல பயிற்சி. அது கிடைக்காத நாட்களில் அடுக்குமாடிப் படிக்கட்டு போதும். நிரப்பிய பையோடு ஏறுங்கள், இறங்குவதையும் பழகுங்கள். முழங்கால் கெடுவது பெரும்பாலும் இறக்கத்தில்.

இன்னொரு மறுப்பு நம் சமூகத்துக்கே உரியது. சபரிமலைக்கு எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை வழியாகப் பம்பை வரை பெரிய பாதையில் எத்தனையோ மும்பைத் தமிழர்கள் வருடா வருடம் வெறுங்காலில் போய்வருகிறார்கள். அவர்கள் என்ன இப்படித் தாள் தாளாகவா எழுதினார்கள், சாமியே துணை என்று போகிறார்களே என்பார்கள். பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் சரியாகக் கவனியுங்கள், அந்த யாத்திரை திட்டமில்லாத நடை அல்ல. 41 நாள் விரதம் உடலையும் மனதையும் ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. வழி தெரிந்த குருசாமி சொல்லுக்குக் குழுவே கட்டுப்படுகிறது. சுமை இருமுடி அளவுக்குள் நிற்கிறது. எங்கே தங்குவது என்பது பரம்பரையாகத் தீர்ந்துபோன விஷயம். யானை நடமாடும் காடு என்பதால் நேரங்கெட்ட நேரத்தில் வனத்துறை உள்ளே விடுவதில்லை. தலைமுறைகள் சேர்ந்து போட்டுவைத்த திட்டத்தின் மேல் அவர்கள் நடக்கிறார்கள். ரத்தன்கட் பாதையில் நமக்கு அப்படி ஒரு முன்னோர் ஏற்பாடு இல்லை. நாமே போட்டாக வேண்டும். அங்கே பத்து முதல் ஐம்பது வயதுப் பெண்களுக்கு வழக்கத்தில் தடை உண்டு. சஹ்யாத்ரியில் அந்தத் தடை இல்லை என்பதும் எனக்கு முக்கியம். நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் கேட்கும்போது மறுக்கப்படுவதற்கு மலை காரணமில்லை, வீட்டாரின் பயம்தான் காரணம். எந்த நாள் எந்த ஊர், அங்கே யார் வீட்டில் சாப்பாடு, எத்தனை மணிக்குள் தகவல் வரும் என்று எழுதிய ஒரு தாளை அம்மா கையில் கொடுத்துப் பாருங்கள். பாதிப் பயம் அந்தத் தாளிலேயே குறையும்.

இப்படியெல்லாம் முன்கூட்டியே தீர்மானித்தால் சாகசம் எங்கே மிஞ்சும் என்று கேட்பவர்களும் உண்டு. திரும்பிவர வழி தெரியாமல் தவிப்பதைச் சாகசம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். திரும்பும் வழி தெரிந்த ஆள்தான் காட்டை நிதானமாகப் பார்ப்பார். ஹரிச்சந்திரகட்டின் கேதாரேஷ்வர் குகையில் இடுப்பளவு குளிர்ந்த நீருக்கு நடுவே நிற்கும் லிங்கத்தையும், நான்கு தூண்களில் மிஞ்சிய ஒற்றைத் தூணையும் அவசரமில்லாமல் நின்று பார்க்க அவருக்கு நேரம் இருக்கும். காசு கட்டி ஏற்பாட்டாளர்களோடு போனால் இந்தக் கவலையெல்லாம் அவர்களுடையது என்பவர்களுக்கும் ஒரு சொல். போங்கள், தவறில்லை. பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: ஒவ்வொரு நாளும் அவசரத்தில் எந்த ஊருக்கு இறக்குவீர்கள், திரும்பும் முடிவுக்கு எத்தனை மணி வரை, எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி? பதில் உடனே வராவிட்டால் அந்தக் குழு வேண்டாம். மகாராஷ்டிரத்தில் மலையேறிகளே தொண்டாக நடத்தும் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் ஒன்று உண்டு. இரவு பகல் பாராமல் கயிறும் ஸ்ட்ரெச்சருமாக வருகிறவர்கள். அவர்களுடைய எண்ணையும் 112, 108 எண்களையும் தாளில் எழுதிவையுங்கள். ஆனால் அவர்கள் வந்து சேரப் பல மணி நேரம் ஆகும் என்பதையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

இதெல்லாம் வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு, பட்டறையில் தினக்கூலிக்குத் தைக்கிற பையனுக்கு எதற்கு என்ற குரலைத்தான் நான் மிகவும் மறுக்க விரும்புகிறேன். இரண்டு சொச்சம் சதுர கிலோமீட்டருக்குள் லட்சக்கணக்கானவர்கள் நெருங்கி வாழும் இடத்திலிருந்து ஒரு லோக்கல் டிக்கெட் தூரத்தில் அந்தக் காடு இருக்கிறது. கசாராவுக்கு ரயில், ஜீப்பில் பங்கு, கிராமத்துச் சாப்பாடு, நுழைவுக் கட்டணம், வழிகாட்டிக்கு எல்லோருமாகச் சேர்ந்து கொடுப்பது — பிராண்டு சாமான்களைத் தவிர்த்தால் நான்கு நாள் செலவு எட்டாத செலவல்ல. கூலிக்காரனுக்கு நான்கு நாள் சம்பளம் போவது பெரிய விஷயம் என்பது உண்மை. அதனால்தான் அந்த நான்கு நாள் வீணாகாமல் திட்டமிட வேண்டும் என்கிறேன். ஒரு தவறான முடிவில் கால் முறிந்தால் மாதச் சம்பளம் உள்ளவருக்கு அது மருத்துவ விடுப்பு. பட்டறைப் பையனுக்கு இரண்டு மாதம் அடுப்பு எரியாது. இறங்கும் ஊரை முதலில் எழுத வேண்டிய தேவை மற்ற எவரையும்விட நமக்கே அதிகம். அதற்கு நம்மிடம் ஒரு பலமும் உண்டு. தாராவிப் பிள்ளைக்கு இந்தி தெரியும், பெரும்பாலும் மராட்டியும் வரும். பாச்னையில் ஒரு பாட்டியிடம் உட்கார்ந்து வழி கேட்க மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

இந்தத் தீபாவளிக்குக் கிளம்ப நினைப்பவர்கள் இந்த வாரமே ஒரு தாளை எடுங்கள். நான்கு நாளுக்கு நான்கு வரி: எங்கிருந்து, எங்கே திரும்பும் முடிவு, எத்தனை மணிக்குள், எந்த ஊருக்கு இறங்குவது. ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி குழுவில் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கட்டும். பிறகு கும்ஷேத், பாச்னை இரண்டு ஊர்களிலும் தங்கவும் சாப்பிடவும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். தீபாவளி வாரத்தில் புனே, நாசிக் கூட்டமும் அங்கேதான் வரும்.